ஈசானிய மூலையில் தேங்கிய தண்ணீர்

மாமா, நீங்கள் பொய் சொன்னீர்கள்.

உங்கள் தம்பி குடித்துவிட்டுப் பாத்ரூமில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னது நீங்கள்தான். பால் ஊற்றுகிற இடத்தில் சொன்னதும் நீங்கள்தான். அவர் குடிக்கவில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் மாமா என்று கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அண்ணனை. உத்திரமேரூரிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமம் எங்களுடையது. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். ஊரில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் அவரைக் கேட்டுத்தான் காரியம் நடக்கும். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மைக்கைப் பிடித்து, யார் யார் கேழ்வரகு கொடுத்தார்கள், யார் பந்தல் போட்டார்கள் என்று ஊருக்கே அறிவிக்கிறவர் அவர்தான். நல்ல குரல். ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதோடு சரி. கழனி வேலை செய்கிறேன், மாடு பார்க்கிறேன், சமைக்கிறேன். நேரில் பேசினால் "நீ உள்ள போம்மா" என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்தை உள்ளே போ என்று சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் முன்பு பாத்ரூம் கிடையாது. கொல்லையில் கீற்று மறைப்புக்குள் ஒரு கல் கிடந்தது. அதில் நின்று குளிப்போம். மகள் வயதுக்கு வந்த பிறகுதான் வீட்டோடு சேர்த்து ஒன்று கட்டலாம் என்று முடிவு செய்தோம். சமையலறையை ஒட்டி, அதற்குத் தெற்கே இடம் இருந்தது. சமையலறையின் தெற்குச் சுவர்தான் பாத்ரூமுக்கு வடக்குச் சுவர். ஒரே சுவர். தண்ணீர் வெளியே போகிற ஓட்டையைத் தென்மேற்கு மூலையில் வைத்து, குழாய் வழியாக வாழைக்கு விட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார். கொல்லையே அந்தப் பக்கமாகத்தான் தாழ்ந்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் தானாக அங்கேதான் ஓடும். இதைச் சொல்ல மேஸ்திரிகூடத் தேவையில்லை.

அப்போதுதான் நீங்கள் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வாஸ்து சோசியரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்.

அவர் மதிலோரம் நின்று, கையை நீட்டி அளந்தார்.

"ஈசானிய மூல தாழ்ந்து இருக்கணும். தண்ணி வடகிழக்கால ஓடணும். மாறி ஓடிச்சின்னா வூட்டு ஆம்பளைக்கு ஆவாது."

நான் கேட்டேன். "அங்க ஓடி அப்பால எங்க போவும் சாமி? அந்த மூலைக்கு அந்தாண்ட என் அடுப்பு கீது."

சோசியர் உங்களைப் பார்த்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ஏம்மா, நீ போய் காப்பித் தண்ணி போடு. கட்டடம் ஆம்பளைங்க வேல."

நான் போய்க் காப்பி போட்டேன். சர்க்கரையும் போட்டேன். அதுதான் இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

தரை போட்டு முடித்த பிறகு சோசியர் மறுபடி வந்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கித் தரைக்கு நடுவில் ஊற்றினார். தண்ணீர் டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு வடகிழக்கு மூலைக்கு ஓடியது. "பேஷ்" என்றார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். என் வீட்டுக்காரர் சிரித்தார். மேஸ்திரி மட்டும் சாந்துச் சட்டியைக் கழுவுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தண்ணீர் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். அது அந்த மூலையில் போய் நின்றதை யாரும் பார்க்கவில்லை. ஓட்டை தென்மேற்கில் இருந்தது. தண்ணீர் வடகிழக்கில் இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குளிப்பது என்றால் இரண்டு வேலை. குளிக்க வேண்டும், பிறகு தள்ளுக்கட்டையை எடுத்துத் தண்ணீரை மேட்டில் ஏற்றி ஓட்டைக்குத் தள்ள வேண்டும். சம்பந்தி வீட்டார் வந்தபோதுகூடத் துண்டோடு சேர்த்துத் தள்ளுக்கட்டையையும் கையில் கொடுத்தேன். "இன்னாம்மா இது, குளிக்கச் சொன்னியா, ஏர் ஓட்டச் சொன்னியா?" என்றார் சம்பந்தி. எல்லோரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது.

எவ்வளவு தள்ளினாலும் அந்த மூலையில் ஒரு கை அளவு தண்ணீர் நிற்கும். பாசி பிடிக்கும். நான் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பேன், மறுபடி பிடிக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறை. பாத்ரூமுக்கு எது வடகிழக்கு மூலையோ அதுவேதான் சமையலறைக்குத் தென்கிழக்கு மூலை. அடுப்பு இருக்கிற அக்கினி மூலை. அந்தச் சுவர் அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு ஊறிப்போனது. உப்புப் பூத்து, தொட்டால் மாவு மாதிரி கொட்டியது. தீப்பெட்டி நமுத்துப்போகும். பருப்பு டப்பாவின் அடி துருப்பிடித்து ஓட்டையானது. தோசை ஊற்றும்போது சுவரிலிருந்து காரை உதிர்ந்து கல்லில் விழும். சாஸ்திரம் பார்த்துக் கட்டியதில் அக்கினி மூலையில் தண்ணீர் நின்றது. இதற்கு உங்கள் சோசியர் எந்தப் பரிகாரம் வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை.

உங்களிடம் வந்து சொன்னேன். "புது செவுரு வேர்க்கும்மா" என்றீர்கள். மறுவருஷமும் சொன்னேன். "வேர்க்கும்மா" என்றீர்கள். ஆளுக்கு வேர்த்தால்கூட விசிறிவிட்டால் அடங்கும்.

சம்பாவுக்குத் தண்ணீர் கட்டுகிற நாட்கள். என் வீட்டுக்காரர் விடிவதற்குள் போய் மடையைத் திறந்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்தார். நேராகப் பாத்ரூமுக்குள் போனார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தொம் என்று ஒரு சத்தம். அலமாரியில் இருந்த தட்டுகள் குலுங்கின. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "ந்தா..." என்று மெல்லக் கூப்பிட்டார். எப்போதும் ஊரைக் கூட்டுகிற மாதிரிக் கத்துகிற ஆள் அவர். அவ்வளவு மெல்லக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.

அந்த மூலையில்தான் கிடந்தார். கால் ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. நான் போட்ட கூச்சலில் மதிலைத் தாண்டி முதலில் வந்தது நீங்கள்தான், மாமா. அதை நான் மறைக்க மாட்டேன். ஓடிவந்து தூக்கினீர்கள். வேனில் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் அவர் தலை உங்கள் மடியில் இருந்தது. அவர் வலியில் "அண்ணா, அண்ணா" என்று உங்கள் முகத்துக்கு நேராக மூச்சு விட்டுக்கொண்டே வந்தார். அந்த மூச்சில் சாராய வாடை அடித்ததா? பல்பொடி வாடைதான் அடித்தது. எதிர் சீட்டில் இருந்த எனக்கே அடித்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பா குடியால் போனவர். ஏரிக்கரையில் விழுந்து கிடந்தவரை நீங்கள் தலைப்பக்கமும் உங்கள் தம்பி கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அன்றைக்கு அவர் மீசை முளைக்காத பையன். அதற்குப் பிறகு கல்யாண வீட்டில் எல்லோரும் குடிக்கும்போதுகூட அவர் கலர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரைக் கேலி செய்வார்கள். அப்போதெல்லாம் "என் தம்பி தொட மாட்டான்" என்று பெருமையாகச் சொன்னவர் நீங்கள்.

பொய் என் காதுக்கு வந்தது நூறு நாள் வேலையில். கால்வாயில் மண் அள்ளிக்கொண்டிருந்தோம். கூட வேலை செய்கிற ஒருத்தி இடுப்பை நிமிர்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க்கா, உங்க வூட்டுக்காரு உள்ள போச்சின்னா நெதானம் தெரியாதாமே?"

"இன்னாத்து உள்ள போச்சின்னா?"

"அதான்க்கா, கோட்டரு."

"எவ சொன்னா?"

"எவளும் சொல்லல. உங்க மச்சாண்டாரே சொல்லிக்கினு கீறாரு. பாவம், தம்பிய நெனச்சி அழுவுறாரு."

அழுதீர்களாம். மண்வெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பார்க்க வந்த யாரோ ஜாடையாகச் சொல்லியிருக்கிறார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு, "வுட்டுடு. அண்ணன் ஏதோ வாய் தவறி..." என்றார்.  அப்புறம், "அந்தக் கதவச் சாத்து" என்றார்.

நீங்கள் ஏன் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். டீக்கடையில் "எப்படி வுயிந்தான்?" என்று கேட்டிருப்பார்கள். தரை சரிகிற வாட்டம் தப்பு என்று சொன்னால், யார் சொல்லி வைத்த வாட்டம் என்ற கேள்வி வரும். அந்தச் சோசியரை ஊரில் எத்தனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள்! அத்தனை பேரும் போய் அவரவர் மூலையைப் பார்ப்பார்கள். தம்பி பெயர் கெட்டால் ஒரு வீட்டோடு போய்விடும்.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்து அனுப்பினார்கள். வாக்கர் பிடித்து நடக்கலாம், ஆனால் இன்னொரு முறை விழுந்தால் நடையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னார். அந்தப் பாத்ரூமுக்குள் அவரை விட எனக்குப் பயம். அவருக்கு என்னைவிடப் பயம். கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கொடியில் என் புடவையை மறைப்பாகத் தொங்கவிட்டு, நான்தான் குளிப்பாட்டினேன். காற்று அடித்தால் புடவை தூக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் மாடி. "யாராவது பாக்கறாங்களா பாரு" என்பார். "யாரும் இல்ல" என்பேன். ஆனாலும் கண்ணை மூடிக்கொள்வார். வெட்கப்படுகிற குழந்தை தன் கண்ணை மூடிக்கொள்ளுமே, அந்த மாதிரி.

கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத முகம் அது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் தானாக உள்ளே போய், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, நின்று குளித்துவிட்டு வர வேண்டும். தலையை நிமிர்த்திக்கொண்டு டீக்கடைக்கும் போக வேண்டும். முதலாவதற்குத் தரையை மாற்ற வேண்டும்.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். போனில் இழுத்தார்.

"அண்ணி, உங்க மாமா ஒரு வார்த்த சொல்லட்டும், வந்துடறேன்."

"வூடு என்னுது. வுயிந்தது என் வூட்டுக்காரு. மாமா இன்னாத்துக்கு சொல்லணும்?"

"எனக்கு வேல அவராலதான அண்ணி வருது."

வேறொரு மேஸ்திரியைப் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்த என் மகள் மூலமாகப் பிடித்தேன். வந்தார், பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார். "இன்னொருத்தரு போட்ட தரய அவரு சம்மதம் இல்லாம ஒடைக்க மாட்டோம்மா. நாளிக்கு நான் போட்டத எவனாவது ஒடைப்பான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இது அவர்கள் தொழில் மரியாதையாம். தொழிலுக்கு மரியாதை உண்டு, விழுந்தவனுக்கு இல்லை.

சரி, நானே உடைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

உத்திரமேரூர் பஜாரில் ஹார்டுவேர் கடைக்குப் போய் சுத்தி, உளி, கரண்டி, மட்டப்பலகை, சிமெண்ட், சொரசொரப்பு டைல்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"மேஸ்திரி யாரும்மா? போன் போட்டுக் குடுங்க, நான் பேசிக்கறேன்" என்றார் கடைக்காரர்.

"பேசுங்க. மேஸ்திரி நான்தான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவர் ஒழுங்காக எடுத்துப் போட்டார். சுத்தியில் என்ன சைஸ் என்று கேட்டதற்கு என் கையை விரித்துக் காட்டினேன்.

மகள் போனில் வீடியோக்கள் அனுப்பியிருந்தாள். அவற்றில் வருகிறவர்கள் வெள்ளைச் சட்டையில் அழுக்குப் படாமல் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். அவர்கள் வீட்டில் மாடு இல்லை போலிருக்கிறது. நான் காலையில் பால் கறந்து, சாணி அள்ளி, நாஷ்டா முடித்துவிட்டு உடைக்க உட்காருவேன். தலையில் துண்டு, கண்ணுக்கு என் வீட்டுக்காரரின் பழைய மூக்குக்கண்ணாடி. அவர் பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் "வாணாம், பேஜார் ஆவும்" என்றார். இரண்டாம் நாள் "உளியச் சாய்ச்சிப் புடி" என்றார்.

சத்தம் கேட்டு நீங்கள் மதிலோரம் வந்தீர்கள். நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

"ஏம்மா, இன்னா பண்ணிக்கினு கீற?"

"தரய ஒடைக்கிறேன் மாமா."

"ஈசானியத்துல கை வைக்காதன்னு சொன்னனா இல்லியா? வூட்டு ஆம்பளைக்கு ஆவாது."

"வூட்டு ஆம்பள இதோ கீறாரு மாமா, வாக்கரோட. இன்னும் இன்னா ஆவணும்?"

நீங்கள் தம்பியைப் பார்த்தீர்கள். அவர் குனிந்துகொண்டார். நீங்கள் பேச்சை மாற்றினீர்கள்.

"நம்ம வூட்டுப் பொம்பள சிமெண்ட் கொழச்சான்னு ஊரு சிரிக்கும்."

"இப்ப மட்டும் ஊரு இன்னா அழுவுதா மாமா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள்.

ஓட்டைப் பக்கம் டைல்ஸைப் பெயர்த்ததும் அடியில் ஒரு கனமான காரை வந்தது. வெறும் வாட்டத்துக்கு அவ்வளவு கனம் தேவையே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தினேன். நடுப்பக்கம் வந்தபோது உளி வேறு மாதிரிச் சத்தம் கொடுத்தது. ஒரு பாளம் முழுசாகக் கழன்று வந்தது. அதற்குக் கீழே இன்னொரு தரை இருந்தது. சிமெண்ட் பால் தேய்த்து, வழவழப்பாக முடித்த தரை. நான் ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன். தண்ணீர் தென்மேற்குப் பக்கம் ஓடியது. ஓட்டை இருக்கிற பக்கம்.

 என் வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இன்னொரு சொம்பு ஊத்து" என்றார். ஊற்றினேன். அதுவும் அங்கேயே ஓடியது.

மேஸ்திரிக்குப் போன் செய்து, உங்கள் பெயரைச் சொல்லாமல், "நீ போட்ட தரைக்குக் கீழ ஒரு தர கீது, வந்து பாரு" என்றேன். உடனே வந்தார். வாசலிலேயே குந்திக்கொண்டார்.

"மொதல்ல சரியாத்தான் போட்டேன் அண்ணி. நீங்க ரெண்டு பேரும் கழனில இருந்தப்ப உங்க மாமா வந்து பாத்துட்டு, சோசியர் வர்றாரு, அவரு கண்ணுக்கு ஈசானியத்துல ஓடணும், மேல ஒரு பூச்சு போட்டுத் திருப்பிடுன்னாரு. ஓட்ட இங்க கீதே நைனா, தண்ணி நிக்குமேன்னேன். சோசியர் பூட்டதும் மறுபடி திருப்பிக்கலாம்னாரு. அப்பால கூப்பிடவே இல்ல."

"இத டீக்கடைல வந்து சொல்லு."

"அண்ணி..."

"சொல்ல மாட்ட."

அவர் எழுந்து, பெயர்த்துப்போட்ட காரையை ஒருமுறை காலால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். பெயர்த்ததையெல்லாம் நான் கொட்டிவிடவில்லை. மேல் தரை, கீழ் தரை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு பாளம் அப்படியே கிடைத்தது. பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பூச்சும் தனித்தனியாகத் தெரியும், ஒரு ஓரத்தில் மேல்பூச்சு உதிர்ந்து அடிப்பூச்சின் முகமும் தெரியும். அடிப்பூச்சு ஒரு பக்கம் சரிகிறது. மேல்பூச்சு எதிர்ப்பக்கம் சரிகிறது. அது இப்போது எங்கள் வாசலில், துளசிச் செடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கொத்தியதில் கீழ்த் தரையும் அங்கங்கே பெயர்ந்துவிட்டதால், அப்புறம் நானே தரை போட்டேன். நான் ஒரே தடவையில் ஒழுங்காகச் செய்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாட்டம் எனக்குப் பயமில்லை. கழனியில் பரம்படித்துத் தண்ணீர் கட்டுகிறவளுக்கு எது மேடு, எது பள்ளம் என்று கால் சொல்லும். டைல்ஸ்தான் உயிரை வாங்கியது. ஒட்டிக் காய்ந்த பிறகு அவர் வாக்கர் காலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். டொப், டொப். "இது உள்ள காலி. இதுவும் காலி. இது உன் தலை மாதிரி, நல்லா கெட்டியா கீது." காலியானதையெல்லாம் பெயர்த்து மறுபடி ஒட்டினேன்.

சமையலறைச் சுவரைச் செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டினேன். அந்த நாட்களில் கொல்லையில் கல் கூட்டி விறகில்தான் சமையல். சுவர் காய்ந்ததும், தண்ணீர் ஊறாமல் இருக்கச் சிமெண்டோடு கலக்கிற மருந்தைக் கலந்து பூசினேன். முதல் பூச்சு, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மொத்தமாக வழிந்து கீழே உட்கார்ந்தது. அவர் வாசலில் இருந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! விழுந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தார்.

"நீ ரசம் வெச்சா சாந்து மாதிரி கெட்டியா கீது. சாந்து கலந்தா ரசம் மாதிரி தண்ணியா கீது."

"வந்து நீ கலக்கு."

உண்மையாகவே வந்தார். நாற்காலியைச் சட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, உட்கார்ந்தபடியே கலந்து கொடுத்தார். அவர் கலந்தது நின்றது. என் பூச்சு இன்றைக்கும் அலை அலையாகத்தான் இருக்கிறது. ரசமட்டம் வைத்தால் வெட்கப்படும். டைல்ஸ் கோடுகள் நேராக இல்லை, குறுக்கே ஒரு மாடு நடந்த மாதிரி வளைந்து போகும். பாத்ரூம் சுவரில் அவர் பிடித்துக்கொள்ள, பழைய போர் மோட்டாரிலிருந்து கழற்றிப் போட்ட இரும்புக் குழாயை அறுத்து, சாயம் அடித்து, கிளாம்ப் வைத்து மாட்டினேன். நான் அதில் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ஈசானிய மூலை இப்போது வீட்டிலேயே காய்ந்த இடம்.

முதல் நாள் அவர் தனியாக உள்ளே போனார். தாழ்ப்பாள் போட்டார். நான் சுவருக்கு இந்தப் பக்கம், சமையலறையில், வேலை செய்கிற மாதிரி நின்றேன். ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிக்காமல் நின்றேன். சொம்பு வாளியில் இடிக்கிற சத்தம். தண்ணீர் விழுகிற சத்தம். இருமல். பிறகு தண்ணீர் ஓட்டையில் இறங்கிக் குழாயில் உருண்டு போகிற சத்தம். வாழைப் பக்கம் போய் விழுகிற வரைக்கும் கேட்டேன்.

கதவைத் திறந்து, ஈரத் தலையை நீட்டினார்.

"தள்ளுக்கட்ட எங்க வெச்ச?"

"இன்னாத்துக்கு?"

"தண்ணியத் தள்ள."

"திரும்பிப் பாரு."

திரும்பிப் பார்த்தார். தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரம் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "வெள்ளச் சட்டைய எடு. டீக்கடைக்குப் போய்ட்டு வரேன்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். தலை வாரினார். வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துத் தெருமுனை வரை போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன வேகத்தில் திரும்பி வந்தார். டீ குடிக்கவில்லை. ஏன் என்று கேட்பதற்குள் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கே இருந்த ஒருத்தர் பிறகு என்னிடம் சொன்னார். இவர் வாக்கரில் ஆடி ஆடி வருவதைப் பார்த்துவிட்டு ஒருத்தன், "இன்னா நைனா, காலையிலயே ஏத்திக்கினியா?" என்று கேட்டிருக்கிறான். கடையே சிரித்திருக்கிறது. நீங்கள் அங்கே இருந்தீர்கள், மாமா. பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். பேப்பரை மடித்தீர்கள். "டேய், என் தம்பி தொட மாட்டான்" என்று பழைய மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தீர்கள்.

அந்த வெள்ளைச் சட்டை அன்றைக்குக் கழற்றி மாட்டியது. இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

தரையை நான் உடைத்துவிட்டேன். ஆனால் ஊர் வாயில் நீங்கள் பூசிவிட்டுப் போனதைச் சுத்தியால் உடைக்க முடியாது. பூசியவர்தான் பெயர்க்க வேண்டும்.

ஆடி வருகிறது. பந்தல் போடுவார்கள், கூழ் காய்ச்சுவார்கள். ஊரே சொம்பும் குண்டானுமாகக் கோயிலுக்கு வரும். நீங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மைக்கைத் தட்டிப் பார்ப்பீர்கள். நானும் வருவேன். என் வீட்டுக்காரரையும் வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வருவேன், அவர் வரமாட்டேன் என்றாலும். அந்தப் பாளத்தையும் ஒரு சட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவேன். எனக்குக் கனம் ஒன்றும் புதிதில்லை. சோசியரையும் வரச் சொல்லுங்கள், அதே சொம்பை நான் கொடுக்கிறேன். இரண்டு தரையிலும் ஊற்றிப் பார்க்கட்டும்.

என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். வீட்டுக்குள் வந்து சமாதானம் பேச வேண்டாம். உள்ளே பேசி முடிக்கிற விஷயமாக இது இருந்திருந்தால் நீங்கள் டீக்கடையில் பேசியிருக்கக் கூடாது. கேழ்வரகு கொடுத்தவர்கள் பெயரை அறிவித்து முடித்த பிறகு, மைக்கைக் கீழே வைக்காதீர்கள். நான் முன்வரிசையில் நின்று கேட்பேன். கேள்வியை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு திடீரென்று கேட்டாள் என்று சொல்லக் கூடாது.

வேனில் உங்கள் மடியில் தலை வைத்துக்கொண்டு வந்த உங்கள் தம்பி அன்றைக்குக் குடித்திருந்தாரா, இல்லையா? அந்தத் தரையைத் திருப்பிப் போடச் சொன்னது யார்?

ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரிப் பதில் சொல்லுங்கள், மாமா.